நரிக்கு அனுப்பிய தோட்டாக்கள்

தப்காக்,
27 செப்டம்பர் 1966

அன்புத் தம்பி பிகுக்குக்கு,

அக்கா மசாக் எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் இருக்கிறோம். உன் காதுவலி எப்படி இருக்கிறது? ஃபேர்பேங்க்ஸ் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து கேட்கவில்லை என்றால் எழுது, சீல் எண்ணெய் அனுப்புகிறேன். நாற்றம் என்று உன் அறைக்காரர்கள் மூக்கைப் பிடித்தால் பிடிக்கட்டும்.

கடல் ஓரமாக உறையத் தொடங்கிவிட்டது. படகைக் கரையேற்றும்போது கயிறு அறுந்து அத்தானுக்கு வலது தோள் பிசகிவிட்டது. கை காதுக்கு மேலே போக மாட்டேன் என்கிறது. இது ஊரில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் நாலு வீட்டுக்கு இறைச்சி கொடுத்த மனிதர், இப்போது எனக்காகச் சுடுங்கள் என்று போய் நிற்பாரா? சறுக்குவண்டியைப் பழுது பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். நீயும் வாயைத் திறக்காதே.

நீ விட்டுப்போன சின்னத் துப்பாக்கி சுவரில் தொங்குகிறது. அதற்கு நாற்பது தோட்டா செய்து அனுப்பு. இங்கே கடையில் பெரிய துப்பாக்கிக்கு மட்டும்தான் இருக்கிறது. அத்தானுடைய பெரியதை ஒரு முறை சுட்டுப் பார்த்தேன். அது உதைத்த உதையில் மூன்று நாள் மாவு பிசைய முடியவில்லை.

எதற்கு என்று கேட்காதே. சீக்கிரம் அனுப்பு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகள் உன்னை விசாரித்தார்கள்.

அக்கா மசாக்


ஃபேர்பேங்க்ஸ்,
9 அக்டோபர் 1966

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிகுக் வணங்கி எழுதுவது. காதுவலி போய்விட்டது, எண்ணெய் வேண்டாம். போன தடவை நீ அனுப்பிய எண்ணெயை வெந்நீர்க் குழாய் பக்கத்தில் வைத்துத் தொலைத்தேன். வீட்டுக்காரி இன்னும் என்னைக் கண்டால் ஜன்னலைத் திறக்கிறாள். அத்தானை அந்தக் கையைக் கொஞ்ச நாள் ஆட்டாமல் வைத்திருக்கச் சொல்.

தோட்டா நாற்பதும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. எதற்கு என்று நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? போன குளிர்காலம் நரித்தோல் விற்றுத் தையல் மெஷின் வாங்கியவள்தானே நீ. காரிபூ மான் இந்த மாதங்களில் உங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே நரிக்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்தேன். எடை குறைந்த குண்டு. மேலே செம்புத்தோல் மெல்லியது. நரி உடம்புக்குள் போனதும் பொடிப்பொடியாகிவிடும், மறுபக்கம் துளைத்து வெளியே வராது. தோலில் ஒரே ஒரு சின்னத் துளைதான் இருக்கும், நீ இரண்டு தையலில் மூடிவிடலாம். அடையாளத்துக்குக் குண்டின் மூக்கில் வெள்ளைச் சாயம் வைத்திருக்கிறேன்.

எங்கள் துப்பாக்கிக் கடைக்கு வெளியூர் வேட்டைக்காரர்கள் யானையைச் சுடுகிற மாதிரி துப்பாக்கியோடு வருகிறார்கள். சுட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். துப்பாக்கி எவ்வளவு பெரிது என்று எந்த மிருகமும் கேட்பதில்லை, குண்டு எது, எங்கே போய் நின்றது என்பதுதான் கணக்கு என்று நான் அவர்களுக்குச் சொல்வேன். முதலாளி முறைப்பார், ஏனென்றால் பெரிய துப்பாக்கிக்குத்தான் விலை அதிகம்.

கிறிஸ்துமஸுக்கு வழக்கமான தோல் பூட்ஸை மறந்துவிடாதே. பழையதில் விரல் வெளியே வந்து ஊரைப் பார்க்கிறது.

அன்புடன்,
பிகுக்


தப்காக்,
5 நவம்பர் 1966

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். காது குணமானது குறித்துச் சந்தோஷம். காற்று அடங்காததால் விமானம் பதினெட்டு நாள் வரவில்லை. வந்ததும் உன் பொட்டலம்தான் முதலில் கைக்கு வந்தது.

நீயாக நரி என்று எழுதியது நல்லதாகப் போயிற்று. யார் காதில் விழுந்தாலும் நரி என்றே இருக்கட்டும். டின் ஒன்றை வைத்து மூன்று சுட்டேன், மூன்றும் பட்டன. இது உதைப்பதே இல்லை, தோளில் தட்டிக்கொடுக்கிறது. அத்தான் பார்த்துவிட்டு, “பொம்பளத் துப்பாக்கிக்கு வெள்ளைப் பொட்டு வேற வெச்சு அனுப்பியிருக்கானா உன் தம்பி?” என்றார். அவர் சிரித்து ஒரு மாதம் ஆகிறது, அதனால் சும்மா விட்டுவிட்டேன்.

இனி நான் எழுதுவதை ஒரு தடவை படித்துவிட்டு அடுப்பில் போடு. கட்டிப்போட்ட நாய்களில் இரண்டைக் காணோம். சங்கிலி மட்டும் கிடந்தது. இறைச்சிப் பரணின் ஒரு கால் சாய்ந்துவிட்டது. குளிர்காலம் முழுவதற்கும் நமக்கிருப்பது அந்தப் பரணில் உள்ளதுதான். பனியில் கிடந்த தடத்தில் மாவு பிசைகிற தட்டை வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. யார் என்று எழுத மாட்டேன். அவர் பெயரைச் சொல்லி, இன்னது செய்யப்போகிறேன் என்று பேசினால் அவர் காதில் விழும். நீ எட்டு வருஷமாகப் பட்டணத்தில் இருக்கிறாய், மறந்திருப்பாய், அதற்காகச் சொன்னேன். அதனால்தான் முதல் கடிதத்திலும் எழுதவில்லை.

அவர் இப்போது பகலிலேயே வருகிறார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற வழியும் அதுதான். பரணுக்கு நாற்பது அடி தள்ளிப் பனிக்கட்டியால் இடுப்புயரத்துக்குச் சுவர் கட்டியிருக்கிறேன். அத்தானிடம் காற்றுக்கு மறைப்பு என்று சொன்னேன்.

இத்தோடு முடிக்கிறேன். விமானக்காரன் அவசரப்படுத்துகிறான். உடம்பு பத்திரம்.

அக்கா மசாக்


ஃபேர்பேங்க்ஸ்,
14 நவம்பர் 1966

அக்கா,

எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. வெள்ளை மூக்குத் தோட்டாவால் அவரைச் சுடாதே. தொடவே தொடாதே.

உனக்குத் தோட்டா என்றால் தோட்டா. அங்கே கடையில் ஒரே ஒரு வகைதான் வரும், அதனால் உன்மேல் தப்பில்லை. நான் நரிக்குச் செய்தது நரியைத் தவிர எதற்கும் ஆகாது. அவர் தோளில் நாலு விரல் கனத்துக்குக் கொழுப்பு, அதற்குக் கீழே தசை, அதற்கும் கீழே எலும்பு. இந்தக் குண்டு கொழுப்பிலேயே உடைந்து தூளாகிவிடும். அவருக்குக் காயம்தான் ஆகும், கோபம் வரும். நீ நாற்பது அடியில் உட்கார்ந்திருப்பாய்.

சின்னத் துப்பாக்கியால் முடியாது என்று நான் சொல்லவில்லை, முடியும். அதற்குக் குண்டு வேறு. இத்துடன் பத்து அனுப்புகிறேன், மூக்கில் சிவப்புச் சாயம். இந்தக் குண்டுக்கு நடுவில் செம்பாலேயே ஒரு சுவர் உண்டு. முன்பாதி விரிந்து வழி உண்டாக்கும், பின்பாதி உடையாமல் கடைசிவரை போகும். அவர் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை பொறுத்திரு. முன்னங்கால் ஒரு அடி முன்னே போகும்போது அக்குள் மடிப்பு தெரியும், அங்கே ஒன்று போதும். உன்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றால் சுடாதே.

பொட்டலம் எப்போது வந்து சேருமோ தெரியாது. அதனால் வேலையை விட்டுவிட்டு வானொலி நிலையத்துக்கு ஓடினேன். கிராமங்களுக்கான மதியச் செய்தியில் நாளை வாசிப்பார்கள். “தப்காக் மசாக்குக்குத் தம்பி பிகுக் தெரிவிப்பது: வெள்ளைத் தோட்டாக்களைச் சுட வேண்டாம், சிவப்பு வருகிறது.” இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா, “எதைச் சுட வேணாம்னு சொல்லலயே தம்பி?” என்று கேட்டாள். “அவங்களுக்குத் தெரியும்” என்றேன். அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதை நான் மறக்கவில்லை அக்கா. ஊர் முழுக்கக் கேட்கும், அத்தானுக்குத் தலைகுனிவாக இருக்கும். என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

உடனே ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

பிகுக்


தப்காக்,
22 டிசம்பர் 1966

மைத்துனன் பிகுக்குக்கு,

துல்லிக் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

வானொலியில் நீ சொன்னது கேட்டது. சிவப்புத் தோட்டா பத்தும் வந்தன. உன் அக்காவுக்குக் கை ஒழியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

பரணை நிமிர்த்திக் கட்டிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உதவினார்கள். என் தோள் பரவாயில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

துல்லிக்


ஃபேர்பேங்க்ஸ்,
4 ஜனவரி 1967

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பிகுக் எழுதுவது. புது வருஷ வாழ்த்துகள். அத்தான் கடிதத்தைப் பார்த்துக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மாதம் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. முதலாளி எனக்குக் காதல் தோல்வி என்று நினைத்துவிட்டார்.

அத்தான் இதுவரை எனக்கு எழுதியதே இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோதுகூட வாயால்தான் கூப்பிட்டார். அக்காவுக்குக் கை ஒழியவில்லை என்றால் என் பூட்ஸ்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்கிறேன். தாமதமானாலும் பரவாயில்லை. ஆனால் அடுத்த கடிதத்தை நீயே எழுது அக்கா. அத்தான் எழுத்தில் உன் வசவு வரவில்லை.

மிச்சமிருக்கிற வெள்ளைத் தோட்டாக்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவை அந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

அன்புடன்,
பிகுக்


தப்காக்,
30 ஜனவரி 1967

மைத்துனனுக்கு,

துல்லிக் எழுதுவது. நலம். வெள்ளைத் தோட்டாக்களை அனுப்பியிருக்கிறேன். குளிர் அதிகம். உன் அக்கா சுகமாக இருக்கிறாள். பிறகு எழுதுவாள்.

துல்லிக்


ஃபேர்பேங்க்ஸ்,
12 பிப்ரவரி 1967

அக்கா,

நான் சுகம். நீ சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நாற்பது அனுப்பினேன். டின்னில் மூன்று சுட்டதாக நீ எழுதினாய். முப்பத்தேழு வர வேண்டும். பெட்டியில் முப்பத்து மூன்றுதான் இருக்கின்றன. மேசைமேல் வரிசையாக நிறுத்தி, கலைத்து, மறுபடி நிறுத்திப் பார்த்துவிட்டேன். நாலு இல்லை.

பிப்ரவரி ஆகியும் பூட்ஸ் வரவில்லை. கைக்குழந்தையோடு இருந்த வருஷம்கூட நீ அனுப்பாமல் இருந்ததில்லை. அத்தான் இரண்டு கடிதம் எழுதிவிட்டார், இரண்டிலும் சேர்த்துப் பத்துப் பதினைந்து வரி. உன் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை.

பயமாக இருக்கிறது அக்கா. அந்த நாலும் எங்கே போயின? எதுவாக இருந்தாலும் நீயே சொல். நீ சொல்லாமல் விட்டதை நான் ஒரு தடவை இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டேன். இன்னொரு தடவை அப்படிச் செய்ய மாட்டேன்.

பிகுக்


தப்காக்,
10 மார்ச் 1967

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இடது கையால் எழுதுகிறேன். எழுத்து நாய் ஓடிய பனி மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி. இந்த ஒரு தாளுக்கு நாலு நாள் ஆயிற்று.

உன் செய்தியை வானொலியில் வாசித்தது மதியம். நீ இங்கேயே இருந்திருந்தால் உனக்கே தோன்றியிருக்கும். நவம்பரில் துப்பாக்கி முனை கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அந்த மதியம் மட்டும்தான். வீட்டுக்குள் அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சுவருக்குப் பின்னால் இருந்தேன்.

பக்கவாட்டில்தான் நின்றார். தோளில் சுட்டேன். அவர் திரும்பி, ஈ கடித்த இடம் மாதிரி தன் தோளைக் கடித்துக்கொண்டார். மறுபடி மூன்று சுட்டேன். அவர் விழவில்லை, வந்தார். துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினேன், அதோடு கையும் அவர் வாய்க்குள் போயிற்று.

அத்தான் கதவை உடைத்துக்கொண்டு ஓடிவந்தார். வரும்போதே, “வெள்ளத் தோட்டாவச் சுடாதடி, சுடாதடி” என்று கத்திக்கொண்டே வந்தார். இடுப்பில் வைத்துப் பெரியதைச் சுட்டார். குண்டு எங்கே போயிற்றோ தெரியாது, அந்தச் சத்தத்துக்கு அவர் என் கையை விட்டுவிட்டுக் கடல் பனிக்குப் போய்விட்டார். உன் செய்தி கேட்டதால்தான் அத்தான் வெளியே வந்தார். இல்லாவிட்டால் அத்தான் வந்திருக்க மாட்டார், எனக்கும் இந்தக் கடிதம் எழுத வேலை இருந்திருக்காது. இதை நீ நன்றாக நினைவில் வை.

வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் இருந்தேன். உனக்கு எழுத வேண்டாம் என்று அத்தானிடம் சத்தியம் வாங்கினது நான்தான். எண்ணிக்கையை மறந்து பெட்டியை அனுப்பியதும் அவர்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

ஊர்க்காரர்கள் மூன்று நாள் தேடினார்கள், பனி பிளந்து தடம் போய்விட்டது. போன வாரம் அவர் திரும்பி வந்திருக்கிறார். முன்னங்கால் நொண்டுகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிறார், சீல் பிடிக்க முடியாது, அதனால் ஊரை விட்டுப் போகவும் மாட்டார். மற்றவர்கள் சுடுகிறேன் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்த வலியைக் கொடுத்தவள் நான். நானே முடித்து, அவர் வாயில் நல்ல தண்ணீர் ஊற்றி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இந்த வீட்டுக்கு இனி எந்த மிருகம் தன்னைக் கொடுக்கும்?

இடது கையால் சுடுவது எப்படி என்று எழுது. அழாதே.

அக்கா


ஃபேர்பேங்க்ஸ்,
19 மார்ச் 1967

அக்கா,

நீ சொன்னபடி செய்ய முடியவில்லை, அழுதேன். இனிமேல் வேலையைச் சொல்கிறேன்.

சறுக்குவண்டியைக் கவிழ்த்துப் போடு. அதன்மேல் பழைய சட்டைக் கையில் மணல் நிரப்பி வைத்து, துப்பாக்கியை அதில் பதித்து வை. பாரம் முழுக்க அதன்மேல் இருக்கட்டும், உன் வலது கைக்கு வேலையே இல்லை. இடது கண், இடது தோள், இடது விரல். ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்ற நேரம் ஆகும், ஆகவே இரண்டாவது உண்டு என்று நினைக்கவே நினைக்காதே. சிவப்பில் ஐந்தைப் பழகிப் பார்க்கச் செலவழி. பக்கத்தில் அத்தான் பெரியதோடு நிற்கட்டும். அறுபது அடி, அக்குள் மடிப்பு, முன்னங்கால் முன்னே போகும்போது.

நான் வருகிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் வருவது என்று தெரியவில்லை. உன் விரல்களைத் தின்ற தோட்டாவுக்கு நான்தான் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைத்தேன்.

பிகுக்


தப்காக்,
24 ஏப்ரல் 1967

அன்புத் தம்பி பிகுக்குக்கு,

அக்கா மசாக் எழுதுவது. எல்லோரும் நலம், இந்தத் தடவை நிஜமாகவே. சூரியன் மறைந்திருக்கிற நேரம் குறைந்துகொண்டே வருகிறது. அத்தான் கை காதைத் தாண்டிவிட்டது. தலை சீவுகிறேன் என்ற சாக்கில் ஊருக்கே காட்டிக்கொண்டு திரிகிறார். உன் காது?

பனிக்கரடி இறந்துவிட்டது. இப்போது பெயரைச் சொல்லலாம்.

பழக ஐந்து நாள், ஐந்து தோட்டா. ஆறாவது அதற்கு. அத்தான் பின்னால் நின்று மூச்சை விடவே இல்லை. அக்குள் மடிப்பு தெரிந்தது, சுட்டேன். இருபது அடி நடந்து, படுக்கப் போகிற கிழவன் மாதிரி முன்கால்களை மடக்கிப் படுத்தது. அத்தான், “பொம்பளத் துப்பாக்கி இல்லடி, உன் துப்பாக்கி” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குவளையில் தண்ணீர் கொண்டுபோய் வாயில் ஊற்றி, இவ்வளவு நாள் வலியோடு நடக்கவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

தோலை உரிக்கும்போது கிடைத்ததைத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன், பார். ஒரு மடிப்பில் மேல்சதையிலிருந்து பொறுக்கிய செம்புத்தூள், உன் நரித்தோட்டா நாலும் அதுதான். இன்னொன்றில் மறுபக்கத் தோலுக்கு அடியில் முழுசாகக் கிடைத்த சிவப்புக் குண்டு, நீ சொன்ன சுவரோடு இருக்கிறது. இரண்டையும் உன் மேசைமேல் வைத்துக்கொள். அடுத்த தடவை அக்கா எதற்கு என்று கேட்காதே என்றால், எதற்கு என்று கேள். நான் அவர் காதில் விழாத மாதிரி சொல்லப் பழகிக்கொள்கிறேன்.

இறைச்சி ஊர் முழுக்கப் போயிற்று. தோல் வெளியே காய்கிறது.

இரண்டு விரலால் ஊசி பிடிக்க வருகிறது. தையல் கோணல்தான், குற்றம் சொன்னால் உதைப்பேன். பொட்டலத்தில் ஒரு பூட்ஸ்தான் இருக்கிறதே என்று தேடாதே. வலது கால் மட்டும் அனுப்பியிருக்கிறேன். இடது கால் தைத்து முடித்து அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறது. அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். எந்த முகத்தோடு வருவாயோ தெரியாது, காலோடு வந்து போட்டுக்கொண்டு போ.

அக்கா மசாக்